பிள்ளையார் எறும்பு

"பாப்பா, எறும்பு என்னைத் தேடி வருது."

2022 சித்திரையில் அண்ணன் இதை ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். காலையில் காபி கொடுக்கும்போது சொல்வார். நான் வேலைக்குக் கிளம்பினால் வாசல் வரை வந்து சொல்வார். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "காலுக்குள்ளயும் ஊருது பாப்பா." நான், "சரி அண்ணே, தூங்கு" என்பேன்.

அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். 1994-ல், அவருக்கு 23 வயது இருக்கும்போது வந்தது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து முடித்து ஒரு பட்டறையில் சேர்ந்த எட்டாவது மாதம், கூட வேலை செய்கிறவர்கள் தன்னைப் பற்றி மெஷின் சத்தத்துக்குள் பேசிக்கொள்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவர், திரும்பப் போகவில்லை. அம்மா இருந்தவரை அம்மா பார்த்துக்கொண்டார். 2014-க்குப் பிறகு நான். முப்பது வருடமாக இப்படி ஒருவரோடு வாழ்கிற வீட்டில் "எறும்பு தேடி வருது" என்ற பேச்சைக் கேட்டால் என்ன நினைப்பார்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன். மனநல மருத்துவருக்குப் போன் செய்தேன். அவர் இரவு மாத்திரையை 10 மில்லிகிராமிலிருந்து 15 ஆக்கச் சொன்னார். ஆக்கினேன். அண்ணன் அதிகம் தூங்கினார், அதிகம் சாப்பிட்டார், எழுந்ததும் மறுபடி எறும்பு என்றார்.

ஒரு நாள் விடிகாலை. கொல்லைப் பக்கம் பெருக்கப் போனேன். செம்பருத்தி வேரடியில் இருந்து ஒரு கறுப்புக் கோடு கிளம்பி, சிமெண்ட் தரை விரிசல் வழியாக, கழிப்பறைக் கதவுக்கு அடியில் நுழைந்தது. கதவைத் திறந்தேன். தண்ணீர் சரியாக ஊற்றாமல் விட்டிருந்த இடத்தில் பிள்ளையார் எறும்பு மொய்த்துக் கிடந்தது. சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்தால் எப்படி மொய்க்குமோ அப்படி. கையில் விளக்குமாற்றோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒண்ணுக்குப் போன இடத்தில் எறும்பு வந்தால் சர்க்கரை வியாதி என்று எங்கள் அப்பாயி சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அந்த வீட்டில் வளர்ந்த அண்ணனும் கேட்டிருப்பார். அவர் ஆறு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். எறும்பு நிஜமாகவே வந்தது. அவரைத் தேடித்தான் வந்தது.

யோசித்துப் பார்த்தால் மற்றதெல்லாம் கண் முன்னாலேயே இருந்தது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். மருந்து வாயை உலர்த்துகிறது என்று நினைத்தேன். ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து போனார். தூக்கம் கெட்டுவிட்டது, நோய் கூடுகிறது என்று நினைத்தேன். சோர்ந்து கிடந்தார். இந்த நோயில் அப்படித்தான் இருப்பார்கள் என்று யாரோ எப்போதோ சொன்னது மனதில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் விடை என்னிடம் தயாராக இருந்தது. எல்லா விடையும் அந்த ஒரு நோயிலேயே போய் முடிந்தது.

அன்றைக்கே ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். வயதான பொது மருத்துவர். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். மனச்சிதைவுக்கான ஓலான்சபின் என்றதும் அண்ணனிடமிருந்து நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு கேள்விகூட அண்ணனிடம் கேட்கவில்லை. "இவருக்கு எத்தனை நாளா இப்படி?", "இவர் அடிப்பாரா?" எல்லாம் என்னிடம்தான். கால் ஊருவதைச் சொன்னேன். "அதெல்லாம் அந்த டாக்டர்கிட்டயே சொல்லுங்கம்மா" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். எறும்பைப் பற்றி வாயைத் திறக்கவே எனக்குக் கூச்சமாகிவிட்டது. நான் சொன்னால் எனக்கும் சேர்த்து மாத்திரை எழுதிவிடுவாரோ என்று பயந்தேன். அண்ணன் முப்பது வருடமாக எந்தப் பயத்தோடு வாயைத் திறக்கிறார் என்பது அப்போதுதான் கொஞ்சம் உறைத்தது.

மனநல மருத்துவரையும் குறை சொல்லி ஆக வேண்டியதில்லை. மாதம் ஒரு தடவை பஸ் ஏறிப் போவோம். வாசலில் நாற்பது பேர் இருப்பார்கள். தூக்கம் வருகிறதா, குரல் கேட்கிறதா, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா — மூன்று கேள்வி. அந்த மூன்றுக்கும் அண்ணனை அவர் நன்றாகத்தான் வைத்திருந்தார். ஆனால் அந்த அறையில் எடை பார்க்கும் மெஷின் கிடையாது. 2008-ல் இந்த மாத்திரையைத் தொடங்கியபோது 61 கிலோ இருந்தவர் 86 கிலோ ஆகும் வரை யாரும் அவரை அதில் ஏற்றிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. சட்டை அளவு மாறிக்கொண்டே போனதை மட்டும் கவனித்தேன். நல்லா சாப்பிடுகிறார் என்று சந்தோஷமாகக்கூட இருந்தேன். தலைக்கு ஒரு டாக்டர் இருந்தார். கழுத்துக்குக் கீழே யாருமே இல்லை.

அப்புறம்தான் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். காய்ச்சலுக்கும் தடுப்பூசிக்கும் போகிற இடம், அண்ணனுக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்ற அலட்சியம் எனக்கு. அங்கே இருந்தது இளம் டாக்டரம்மா, என் மகள் வயதுதான் இருக்கும். நான் பேச ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க சொல்லுங்க. என்ன பண்ணுது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு, "எறும்பு வருதும்மா" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். டாக்டரம்மா கேட்டார்: "எங்க வருது ஐயா? வெளியவா, காலுக்குள்ளயா?"

"ரெண்டும்மா. வெளிய வர்றது கறுப்பு. உள்ள வர்றது தெரியல, ராத்திரிலதான் வரும்."

இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி எப்படிச் சொல்ல முடியும்? வெளியே வந்தது சிறுநீரில் போன சர்க்கரைக்கு. உள்ளே ஊர்ந்தது சர்க்கரையால் கெட்டுப்போன நரம்பு. இரண்டையும் பிரித்தே சொன்னார். கேட்க ஒருவர் இல்லாமல் போனதுதான் பிரச்சினை.

விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 438. அண்ணனைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் தாழ உட்கார்ந்தார். பேனா மூடியால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, "தெரியுதா ஐயா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வலது கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண். ஐம்பது பைசா அகலம். ஓரம் வெள்ளையாகத் தடித்திருந்தது. செருப்பைத் தூக்கிப் பார்த்தால் உள்பக்கம் ஒரு சின்ன ஆணி முனை நீட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக அதில் நடந்தாரோ தெரியாது. வலிக்கவில்லையா என்று கேட்டதற்கு, "இல்லம்மா" என்றார். நரம்பு செத்திருந்ததும் காரணம். இந்த நோய் உள்ளவர்கள் பலர் வலியைக் குறைவாகவே உணர்வார்கள், உணர்ந்தாலும் வெளியே சொல்ல மாட்டார்கள், அதனால் கேட்காவிட்டாலும் நாம்தான் காலைப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். அந்தப் புண் ஆற நாலு மாதம் ஆனது. விரல் தப்பியது.

அதற்குப் பிறகு நான் நிறையப் படித்தேன், நிறையப் பேரிடம் கேட்டேன். மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிட 2 முதல் 3 மடங்கு சீக்கிரமாக இறக்கும் வாய்ப்பு உள்ளவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலும் இதய நோய், சர்க்கரை, தொற்று போன்ற உடம்பு நோய்களால்தான் இறக்கிறார்கள். ஓலான்சபினும், குளோசபின் என்ற இன்னொரு மனச்சிதைவு மருந்தும் எடையையும் சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றும் என்பதும் புதிய சங்கதி கிடையாது. அமெரிக்காவில் சர்க்கரை நோய் மருத்துவர்களின் சங்கமும் மனநல மருத்துவர்களின் சங்கமும் சேர்ந்து உட்கார்ந்து 2004-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: மருந்து தொடங்கும்போதே எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்க்க வேண்டும். 4, 8, 12-வது வாரங்களில் எடை. 12-வது வாரம் சர்க்கரையும் அழுத்தமும், பிறகு வருடா வருடம். அண்ணனுக்கு இந்த மாத்திரை தொடங்கியது அதற்கு நாலு வருடம் கழித்து. ஒரு டேப்பும் ஒரு எடை மெஷினும் போதும் அதில் பாதியைச் செய்ய.

நம் நாட்டில் தேசிய மனநலத் திட்டம் 1982-ல் வந்தது. மனநல சிகிச்சையைப் பெரிய ஆஸ்பத்திரிகளில் அடைத்து வைக்காமல் பொது சுகாதாரத்தோடு சேர்க்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கமே. 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் முதலில் நாலு மாவட்டங்களில் தொடங்கியபோது எங்கள் திருச்சி மாவட்டமும் அதில் ஒன்று. நல்ல காரியம். அதனால் எத்தனையோ குடும்பங்கள் ஊர் விட்டு ஊர் அலையாமல் மருந்து வாங்குகின்றன. மனநோய்க்கு மருந்து ஊருக்குள் வர வேண்டும் என்று இத்தனை வருடம் பாடுபட்டோம். மனநோய் உள்ளவருக்கு வரும் மற்ற நோய்களை யார் பார்ப்பது என்ற கேள்வியை அதே அளவு அழுத்திக் கேட்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. 2017-ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு, மனநோய் உள்ளவரை உடல் நோய் உள்ளவருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. அந்தத் தனியார் கிளினிக்கில் நாற்காலி திரும்பிய நொடியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பிரிவு ஞாபகம் வரும்.

குற்றம் வெளியே மட்டும் இல்லை. இதை எழுதத்தான் வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கி, எங்கள் தெருவுக்கும் சுகாதாரத் தன்னார்வலர் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பிரஷரும் சர்க்கரையும் பார்த்தார். "வீட்ல வேற பெரியவங்க இருக்காங்களா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். அண்ணன் உள்ளறையில்தான் இருந்தார். வந்தவர் முன்னால் ஏதாவது பேசிவிடுவாரோ, ஊசியைப் பார்த்துக் கத்திவிடுவாரோ, தெருவில் பேச்சாகிவிடுமோ என்று இருந்தது எனக்கு. அன்றைக்கு அவரைக் கூப்பிட்டிருந்தால் எறும்பு வருவதற்குள்ளேயே கண்டுபிடித்திருக்கலாம். இப்போது அதே தன்னார்வலர் மாதாமாதம் மாத்திரை கொண்டுவருகிறார். அண்ணன்தான் நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்குகிறார்.

ரத்தம் எடுப்பது பெரிய பாடாக இருந்தது. தன் ரத்தத்தை எடுத்துப் போய் வேறு எங்கோ வைத்துத் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று அண்ணனுக்கு ஒரு எண்ணம் உண்டு. முதல் தடவை பயத்தில் கையைக் கொடுத்துவிட்டார். இரண்டாம் தடவை கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சமாதானம் செய்ய நான் போனதும் இன்னும் இறுக்கமாகிவிட்டார். நர்சம்மா என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு தன் விரலிலேயே குத்தி, குச்சியில் ஒரு சொட்டு வைத்து, மெஷினை அண்ணன் கையில் கொடுத்தார். "எவ்வளவு காட்டுதுன்னு படிங்க அண்ணே." அண்ணன் படித்தார்: "நூத்தி பதினெட்டு." "சரியா இருக்கேனா?" "இருக்கீங்கம்மா." அந்தக் குச்சியை அவர் எதிரிலேயே டப்பாவில் போட்டு மூடினார். "எங்கயும் போகாது, எரிச்சிடுவாங்க." பிறகு அண்ணனே விரலை நீட்டினார். இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதற்காகத்தான் இப்போது கூட்டம் வடிந்த பிறகு, பதினொன்றரைக்கு மேல் வாருங்கள் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

டாக்டரம்மா மனநல மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அவரும் படித்துவிட்டு நல்ல மாதிரி பதில் எழுதினார். ஓலான்சபினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அரிபிப்ரசோல் என்ற வேறொரு மனச்சிதைவு மருந்துக்கு மாற்றினார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் தொடங்கினார்கள். சுலபமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது மாதம் அண்ணன் மூன்று ராத்திரி தூங்கவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து தெருவிளக்கோடு பேசிக்கொண்டிருந்தார். பழைய மாத்திரைக்கே திரும்பிவிடலாமா என்று நான் ஆடிப்போனேன். மனநல மருத்துவர் தினமும் போனில் பேசினார், அளவைச் சரிசெய்தார், அடங்கியது. எல்லாருக்கும் இந்த மாற்றம் ஒத்துவராது. வேறு எந்த மருந்துக்கும் அடங்காமல் குளோசபினில் மட்டும்தான் நிம்மதியாக இருக்கும் ஆட்கள் உண்டு. யாரும் என் பதிவைப் படித்துவிட்டு மாத்திரையைத் தாங்களாகக் குறைத்துவிட வேண்டாம், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

குளோசபின் என்றதும் மருத்துவமனை வாசலில் பழக்கமான ஒரு அம்மா ஞாபகம் வருகிறார். அவர் மகனுக்கு அந்த மருந்துதான். வெள்ளை அணுக்கள் குறைந்துவிடக்கூடாது என்று முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் பார்த்தார்கள், அதெல்லாம் ஒழுங்காக நடந்தது. மகனுக்கு ஆறு நாளாக வயிறு போகவில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சாதாரண மலச்சிக்கல் தானே, இதைப் போய் டாக்டரிடம் சொல்வதா என்ற கூச்சம். வயிறு உப்பி வாந்தி எடுத்த பிறகுதான் ஓடினார்கள். குளோசபின் சாப்பிடுகிறவர்களுக்கு மலச்சிக்கல் உயிருக்கே ஆபத்தாகும். தினமும் போனாயா என்று கேட்பது அந்த வீட்டில் இப்போது முதல் வேலை.

பீடி விஷயமும் அப்படித்தான். அண்ணன் ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பிடிப்பார். முதல் நாளே டாக்டரம்மா அதைப் பற்றிக் கேட்டார். நான் வீட்டுக்கு வந்ததும் கட்டைப் பிடுங்கி எறியத் தயாரானேன். "உடனே நிறுத்திடாதீங்க, மனநல டாக்டர்கிட்ட சொல்லிட்டு நிறுத்துங்க" என்று அவர் சொல்லியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. புகை பிடிக்கிறவர் உடம்பு ஓலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகளைச் சீக்கிரம் கரைத்துவிடும். புகையை நிறுத்தினால் அதே மாத்திரை ரத்தத்தில் கூடுதலாகத் தங்கிவிடும். அதனால் அளவைப் பார்த்துக்கொண்டே குறைத்தோம். இப்போது நாளுக்கு எட்டு பீடி. இன்னும் குறைய வேண்டும்.

போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மெட்ஃபார்மின் போதாமல் இன்னொரு சர்க்கரை மாத்திரையும் சேர்த்திருந்தார்கள். ஒரு நாள் மதியம் பக்கத்து வீட்டு அக்கா ஆபீசுக்குப் போன் செய்தார்: "உங்க அண்ணனுக்கு மறுபடி வந்திடுச்சு, தன்னால பேசுறாரு, கை நடுங்குது, யார் பேச்சும் கேட்க மாட்டேங்கிறாரு." ஓடி வந்தேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பழைய நானாக இருந்தால் மனநோய் மாத்திரையைத்தான் எடுத்திருப்பேன். விரலில் குத்தினேன். 54. சர்க்கரை ரொம்ப இறங்கியிருந்தது. தம்ளரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில், "ஏன் பாப்பா சீக்கிரம் வந்துட்ட?" என்று கேட்டார். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு இட்லியைச் சாப்பிட மறந்திருந்தார். அந்தச் சர்க்கரை மாத்திரையின் அளவை மறுநாளே குறைத்துக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் மெஷினைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது எங்களிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. எந்த டாக்டரிடம் போனாலும் அதைத்தான் முதலில் நீட்டுவோம். இடது பக்கம் மனநல மருத்துவர் எழுதுவார், வலது பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதுவார்கள். எடை, இடுப்பு, பிரஷர், சர்க்கரை. கடைசிப் பக்கத்தில் அண்ணன் தன் கையெழுத்தில் எழுதுவார். டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று முதல் நாள் ராத்திரியே எழுதி வைத்துவிடுவார். போன மாதம் மூன்று வரி இருந்தது. "பல் வலி. கால் ஊரல் குறைவு. ரேடியோவில் என் பேர் வருகிறது." மூன்றையும் டாக்டரம்மா வரிசையாகக் கேட்டார். மூன்றாவதை மனநல மருத்துவர் பக்கத்துக்கு அம்புக்குறி போட்டார். பல்லுக்குச் சீட்டு எழுதினார். வாய் உலர்ந்தே இருப்பதால் பல் சீக்கிரம் கெடும், அதையும் விட்டுவிட்டோம். இரண்டு பல் எடுக்க வேண்டியதாயிற்று.

எடை 78-க்கு வந்திருக்கிறது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 7.4 சதவீதம். இன்னும் கண் பரிசோதனை மட்டும் நடக்கவில்லை. வருடம் ஒரு தடவை விழித்திரையைப் பார்க்க வேண்டும். இரண்டு தடவை தேதி வாங்கி இரண்டு தடவையும் வாசலோடு திரும்பிவிட்டோம். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள் என்பதை அண்ணனால் தாங்க முடியவில்லை. இந்தத் தடவை நர்சம்மாவே கூட வருகிறேன் என்றிருக்கிறார். வியாழக்கிழமை போகிறோம். சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நேரம் வெயில் கூசும், எழுத்து மங்கலாகத் தெரியும், சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று நேற்றே அண்ணனிடம் சொல்லி வைத்தேன். ரொம்ப நேரம் யோசித்தார்.

"அப்பக் குடை எடுத்துட்டு வா பாப்பா" என்றார். "பெரிய குடை. நர்சம்மாவும் நிக்கணும்ல."